ரவுண்ட்ஸ் அக்காவும் ஐந்து புண்களும்

"நுண்ணுயிர் ஆய்வகப் பணியாளர்: தனித்திருந்து செய்யும் பணி. நோயாளிகளுடன் தொடர்பு கிடையாது. அமைதியான சுபாவம் விரும்பத்தக்கது."

ஆஸ்பத்திரியின் பணிக் கையேடு இப்படிச் சொல்கிறது. பதினெட்டு வருடமாக அந்த வேலையில் இருப்பவரை எல்லோரும் ரவுண்ட்ஸ் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். டாக்டர்கள் ரவுண்ட்ஸ் வராத நாளுண்டு; அக்கா வராத நாள் இல்லை. கிருமித் தட்டுகளை இன்குபேட்டரில் வைத்த கையோடு அறுவை வார்டுக்குக் கிளம்பிவிடுவார். யாருக்குத் தலையணை சரியில்லை, யாருடைய மருமகள் இன்னும் எட்டிப் பார்க்கவில்லை, எல்லாம் அத்துப்படி.

அந்த வார்டில் அடுத்தடுத்து ஐந்து பேருக்குத் தையல் போட்ட இடத்தில் சீழ் வைத்தது. ஐந்திலும் வழக்கமான ஆன்டிபயாட்டிக் எதற்கும் மசியாத ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமி. வார்டு ஊழியர் அத்தனை பேர் மூக்கிலும் பஞ்சுக்குச்சி விட்டுப் பார்த்ததில், துப்புரவுப் பெண் ஒருத்தியிடம் மட்டும் அந்தக் கிருமி இருந்தது. அடுத்த திங்கள் முதல் வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அவள் நேரே ஆய்வகத்துக்கு வந்தாள்.

"அஞ்சு பேரையும் நான்தான் கெடுத்தேன்றாங்கக்கா."

"இருடி. கிருமி பேரு ஒண்ணா இருந்தா போதுமா? சினிமா ஹீரோவுக்கும் மீசை இருக்கு, எங்க வீட்டுக்காரருக்கும் மீசை இருக்கு."

"உங்க வீட்டுக்காரரைப் பாத்திருக்கேன்க்கா. புரிஞ்சிருச்சு."

கிருமியின் மரபணுவைத் துண்டு போட்டு ஜெல்லில் ஓடவிட்டால் ஏணிப்படி மாதிரிக் கோடுகள் விழும். ஒரே வம்சமென்றால் ஒரே ஏணி. நோயாளிகளின் ஐந்து ஏணிகளும் ஜெராக்ஸ் எடுத்தது போலிருந்தன. துப்புரவுப் பெண்ணுடையது ஒட்டுமில்லை, உறவுமில்லை.

அப்படியானால் யார்? பட்டியலில் ஆளே மிச்சமில்லை. நோயாளிகளுடன் தொடர்பே இல்லாதவர்கள் என்பதால் ஆய்வகத்தாரை யாரும் சோதிக்கவில்லை. அக்கா முதலில் ஜெல்லைத் திட்டினார், பிறகு மெஷினைத் திட்டினார். திட்ட வேறு யாரும் கிடைக்காததால் ஒரு பஞ்சுக்குச்சியை எடுத்துத் தன் மூக்கிலேயே விட்டுக்கொண்டார்.

மூன்றாம் நாள் அக்காவின் ஏணி விழுந்தது. நோயாளிகளுடைய ஐந்தின் அச்சு அசல்.

யாரிடமிருந்து யாருக்குப் போனது என்பதைக் கோடுகள் சொல்லாது. அக்காதான் வார்டுக்குப் போய்க் கிருமியை வாங்கிக்கொண்டு வந்ததாகவும் சொல்லலாம். ஒதுங்கிக்கொள்ள அந்த அளவு இடம் இருந்தது. அப்போது ஆஸ்பத்திரி சூப்பிரண்டு போன் செய்தார்.

"அந்தப் பொண்ணுதானேம்மா? ஒரு வரி எழுதி அனுப்புங்க, முடிச்சிடலாம்."

"ஒரு வரிதான் சார். ஆனா அவ பேரு இல்ல."

"பின்ன யாரு?"

"வார்டுல எல்லாருக்கும் தெரிஞ்சவங்கதான் சார். பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டாங்க."

வெள்ளிக்கிழமை மதியம், துப்புரவுப் பெண்ணின் கிருமி வேறு வகை என்று எழுதி, நோயாளிகளுடையதோடு ஒத்துப்போகும் மாதிரிக்கு நேரே தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினார்.