கூறைச் சிவப்புக்கு ஒரு விளக்கு

மேசை விளக்கு வாங்கப் போன அன்று என் கைப்பையில் ஒரு சிவப்புப் பட்டுத் துண்டு இருந்தது. மாமியின் மகளுக்கு மாப்பிள்ளை வீட்டார் எடுத்த கூறைச்சேலையின் ஓரத்தில் வெட்டியது அது.

கலியாணம் தை மாதத்தில். பனிக்காலம் என்பதால் மணமகள், என் மச்சாள், சேலையோடு போட முழுக்கைச் சட்டை கேட்டாள். சேலையோடு வந்த சட்டைத் துணி உடம்புக்குத்தான் காணும், கைக்குக் காணாது. சட்டை தைக்கிறது என் அம்மா, எங்கள் சனத்துக்கெல்லாம் தைத்துக் கொடுப்பவர். கைகளுக்கு வெள்ளைப் பட்டு வாங்கி அதே சிவப்பில் சாயம் போடுவது என் வேலை என்று மாமி தீர்மானித்தார். மாமி அப்பாவின் தமக்கை. நகரின் மறுகோடியில் இருக்கும் ஹவுகன்ஸ்டுவாவிலிருந்து சேலையோடு எங்கள் மோர்டென்ஸ்ருட் வீட்டுக்கு வந்தவர், சப்பாத்தைக் கழற்றும்போதே தொடங்கிவிட்டார்.

"பிள்ளை துணிக்குச் சாயம் போடப் படிச்சவள் எண்டு கொப்பன் ஊரெல்லாம் சொல்லித் திரியிறான். நானும் பாப்பம். துணி தோய்க்கிறதுக்கும் பல்கலைக்கழகமோ எண்டு சனம் கேக்குது."

எங்கள் இரண்டு பக்கத்திலும் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். டொக்டராகவோ இஞ்சினியராகவோ வந்திருந்தால் யாரும் எதையும் நிரூபிக்கக் கேட்டிருக்கமாட்டார்கள். நான் படித்ததும் படிப்புத்தான் என்பது இரண்டு சட்டைக் கைகளில் வந்து நின்றது. செய்கிறேன் என்றேன்.

ஊரில் சேலைக் கடைக்காரர் துணியை வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் காட்டுவாராம். இந்த வட நாட்டுப் பனிக்காலத்தில் நான் வேலைக்குப் போகும்போதும் இருட்டு, வரும்போதும் இருட்டு. ஆகவே வெயிலை வாங்கத்தான் கடைக்குப் போனேன்.

விளக்குப் பெட்டிகளில் எத்தனை வாட், எத்தனை வருடம் உழைக்கும் என்று பெரிதாகப் போட்டிருந்தார்கள். நிறத்தை எவ்வளவு சரியாகக் காட்டும் என்ற எண் மட்டும் மூலையில், சின்ன எழுத்தில்: எண்பது. பரீட்சையில் எண்பது நல்ல புள்ளி. விளக்கில் போதாது. அந்த எண்ணைக் கணக்கிடுகிற நிறங்கள் எல்லாம் வெளிறியவை. ஆழ்ந்த சிவப்பு அதில் சேராது, அதற்குத் தனியாக ஒரு எண் உண்டு. மலிவான எல்இடி விளக்கு அந்தச் சிவப்பைத்தான் முதலில் விழுங்கும்.

நான் ஒவ்வொரு விளக்கின் கீழும் பட்டைப் பிடித்துப் பார்த்தேன். ஒன்றில் அது செங்கல், ஒன்றில் காய்ந்த மிளகாய். கடைப் பெண் நல்லவள். இதம் தரும் என்று மஞ்சள் விளக்கொன்றைக் காட்டினாள். பிறகு, "நகம் பூசுகிற கடை வைத்திருக்கிறீர்களா?" என்று கேட்டாள். நான் படித்ததைச் சொன்னேன். "ஓ" என்றாள். கடைசியில் ஒரு விளக்கின் கீழ் பட்டு பட்டாகவே இருந்தது. பகல் வெண்மை, நிறம் காட்டும் எண் தொண்ணூற்றைந்துக்கு மேல், சிவப்புக்கும் அதே அளவு. விலை கூட. வாங்கினேன்.

அந்த விளக்கின் கீழ் சாயத்தைக் கலந்து, தோய்த்து, காயவைத்து, மறுபடி கலந்தேன். மூன்று வெள்ளைத் துண்டுகள் பாழாகின. நாலாவதை மாமியின் துணிக்குப் பக்கத்தில் வைத்தபோது இடையில் கோடு தெரியவில்லை. அம்மாவைக் கூப்பிட்டேன். கண்ணாடியைப் போட்டுக் குனிந்து பார்த்தார்.

"ஒண்டுதான் பிள்ளை. எது எது எண்டு எனக்கே தெரியேல்லை."

அம்மா சட்டையைத் தைத்து, கூறையில் வெட்டிய துண்டையும் சேர்த்து மாமியிடம் கொடுத்தாயிற்று. ஆனால் எனக்கு ஒரு பயம் இருந்தது. இரண்டு சாயங்கள் நல்ல வெளிச்சத்தில் ஒன்றாக இருந்து, கெட்ட வெளிச்சத்தில் பிரிந்து போகலாம். எந்த வெளிச்சத்தில் பார்க்கப் போகிறார்களோ அங்கேயும் பார்க்கவேண்டும் என்பது பாலபாடம். சட்டையையும் கூறையையும் ஒருதரம் மண்டபத்துக்குக் கொண்டுபோய்ப் பார்ப்போம் என்று மாமிக்குப் போன் அடித்துக் கேட்டேன்.

"உனக்கென்ன விசரே? சபையில வைச்சு ஆசீர்வாதம் வாங்க முதல் கூறையை மண்டபம் மண்டபமாக் கொண்டு திரியிறதோ? கண் படும்."

"சட்டையை மட்டுமெண்டாலும் தாங்கோ, மாமி."

"அதுவும் கூறையோட வந்ததுதானே."

கலியாணத்தன்று கூறைத் தட்டம் சபை முழுவதும் போய் வந்தது. எல்லோரும் தொட்டு ஆசீர்வதித்தார்கள். மாப்பிள்ளை அதை எடுத்துக் கொடுக்க, மச்சாள் உள்ளே போய் மாற்றிக்கொண்டு வந்தாள். மண்டபத்துக் கூரை விளக்குகளின் கீழ் அவள் உடம்பு சிவப்பு, கைகள் இரண்டும் மண்ணிறம்.

யாரோ ஒரு அன்ரி, "கை வேற சேலையில வெட்டினதோ?" என்று கேட்டார். மாமி என் பக்கம் திரும்பினார்.

"படிச்சவைக்குச் சிவப்பு வேற போல."

தாலி கட்டி முடிந்து, பனியில் படம் எடுக்க மச்சாளையும் மாப்பிள்ளையையும் வெளியே கொண்டுபோனார்கள். மத்தியானம், ஒரு சொட்டு வெயில் இருந்தது. வாசலில் நின்று பார்த்தேன். கையும் உடம்பும் ஒரே துணி. உள்ளே ஓடிப்போய் மாமியின் கையைப் பிடித்தேன்.

"மாமி, ஒருக்கா வெளியில வந்து பாருங்கோ. ரெண்டும் ஒண்டுதான்."

"ஆரடி வெளியில நிண்டு கலியாணம் பாக்கிறது?"

பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். நல்ல பகிடி என்பதை நானும் ஒத்துக்கொள்கிறேன். நான் அம்மாவைப் பார்த்தேன். விளக்கின் கீழ் குனிந்து பார்த்த ஒரே ஆள் அவர். அம்மா பலகாரத் தட்டில் கடலை வடையைச் சரிசெய்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

வீடு திரும்பும் ரயிலில் அம்மா, "உன்ர மாமியோட சண்டை பிடிக்கச் சொல்லுறியோ? இனிச் சட்டை தைக்கத் தர ஆர் வருவினம்?" என்றார்.

மாமி வீட்டுச் சுவரில் இப்போது பெரிய படம் தொங்குகிறது. அதில் மச்சாளின் தோள்களைச் சுற்றி ஒரு பொன்னாடை, கைகள் தெரியாதபடி. பனியில் எடுத்த படம் அல்பத்தில் இல்லை. படக்காரரிடம் கேட்டு ஒரு பிரதி நான் வைத்திருக்கிறேன்.

விளக்கு என் மேசையில் இருக்கிறது. பின்னேரங்களில் அம்மா ஊசியும் நூலும் கொண்டு என் அறைக்கு வருவார். நூல் கோர்த்து முடித்ததும், "நல்ல வெளிச்சம் பிள்ளை, எல்லாம் உள்ளபடி தெரியுது," என்பார். ஒவ்வொரு முறையும் சொல்வார். மண்டபத்தில் ஒரு முறை சொல்லியிருக்கலாம்.