காலி நிலம் என்று எழுதிய பக்கம்

ஆல்மா கூபிச்செக் குடும்பத்தில் அவளுக்கு முன் யாரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. அப்பா லாடிஸ் வருஷத்துக்குச் சில கன்றுகளாக விற்று அவளைப் படிக்க வைத்தார். கன்றுகள் மேய்ந்த நிலம் லாடிஸின் தாத்தா ஓடிப் பிடித்தது. ஓக்லஹோமாவில் அப்படித்தான் நிலம் கிடைத்தது. அரசாங்கம் குறித்த நாளில் துப்பாக்கி வெடித்ததும் குதிரையை விரட்டி, முதலில் கம்பு நட்டவனுக்கே அந்தத் துண்டு சொந்தம்.

படித்து முடித்த ஆல்மா, தான் படித்த பள்ளியிலேயே மூன்றாம் வகுப்பு ஆசிரியை ஆனாள். அங்கே ஏப்ரல் மாதம் பிள்ளைகள் நிலஓட்டம் நடித்துக் காட்டுவார்கள். சுண்ணாம்புக் கோட்டுக்குப் பின்னால் தொப்பியும் தள்ளுவண்டியுமாக நிற்பார்கள். மணி அடித்ததும் மைதானத்தில் பாய்ந்து ஆளுக்கொரு கொடி நடுவார்கள். மணி அடிப்பவர் லாடிஸ். அதற்கு முன் சிறுவர் வரலாற்றுப் புத்தகத்திலிருந்து ஒரு பக்கம் வாசிப்பார். 'முன்னால் பரந்து கிடந்தது காலி நிலம்' என்ற வரி வந்ததும் அவர் குரல் உயரும்.

பள்ளிச் சமையலறையில் வேலை பார்த்த மார்லீன், பானி என்ற பழங்குடியைச் சேர்ந்தவள். அவள் மகள் ட்ரினா அந்த வருஷம் ஆல்மாவின் வகுப்பில் இருந்தாள்.

"அடுத்த வெள்ளிக்கிழமை ட்ரினாவுக்குக் காய்ச்சல் டீச்சர், வர மாட்டா" என்றாள் மார்லீன்.

"வரப்போற காய்ச்சலை இப்பவே சொல்றியே?"

"நிலஓட்டத்தன்னிக்கு வருஷா வருஷம் வருதே. எங்க அக்கா பிள்ளைங்களுக்கும் அன்னிக்குத்தான் வரும். தொத்து வியாதி."

ஆல்மா சிரித்துவிட்டாள். பிறகுதான் உறைத்தது. தானும் அந்த மைதானத்தில் ஓடியவள்தான். அங்கே முன்பே யார் இருந்தார்கள் என்று கேட்கத் தோன்றியதே இல்லை. பட்டம் வாங்கி வந்தபிறகும் தோன்றவில்லை. அப்படியானால் என்னத்தைப் படித்தோம்?

ட்ரினா அந்த நாளில் பள்ளிக்கு வர வேண்டும். அது ஒன்றே ஆல்மாவுக்கு வேண்டியிருந்தது. ஓட்டத்தை நிறுத்திவிட்டு, வேறொரு புத்தகம் வாசிக்கலாம் என்று முடிவு செய்தாள். அரசாங்கம் நெப்ராஸ்காவிலிருந்து பானி மக்களை இங்கே அனுப்பியதையும், பிறகு இந்த நிலத்திலும் பெரும்பகுதியை வெள்ளைக்காரக் குடியேறிகளுக்குத் திறந்துவிட்டதையும் சொல்லும் சிறுவர் புத்தகம் அது. தலைமையாசிரியர், "உங்கப்பா சரின்னா எனக்கும் சரி" என்று நழுவிக்கொண்டார்.

ஆல்மா நீட்டிய புத்தகத்தை லாடிஸ் தொடவில்லை.

"எங்க தாத்தா ஓடினது பொய்யா அப்ப?"

"ஓடினது நெசம்தாம்ப்பா. காலியா கிடந்துச்சுங்கிறதுதான் பொய்."

"அந்த நிலம்தாண்டி உன்னைப் படிக்க வெச்சுது."

"தெரியும்ப்பா. அதுக்கு நன்றி சொல்லணும்னுதான் கேக்கறேன். யாரோடதுன்னு தெரியாம யாருக்குச் சொல்றது?"

அவர் மாட்டுக்குத் தண்ணீர் வைக்கப் போய்விட்டார்.

ஆல்மா மார்லீனிடம் நடந்ததைச் சொன்னாள். "ஓட்டம் கிடையாது. அப்பா வரலைன்னா நானே வாசிக்கறேன்."

"பார்க்கலாம்" என்றாள் மார்லீன்.

வெள்ளிக்கிழமை ட்ரினா வந்து முன்வரிசையில் உட்கார்ந்தாள். மார்லீன் ஏப்ரனைக்கூட அவிழ்க்காமல் கதவருகே நின்றாள். ஆல்மா புத்தகத்தைத் திறக்கும்போது லாடிஸ் உள்ளே வந்தார். கையில் மணி இல்லை. "கொடு, நான்தான் வாசிக்கணும்" என்று வாங்கிக்கொண்டார்.

தெரியாத பெயர்களில் தடுக்கித் தடுக்கி வாசித்தார். நிலத்தைத் திறந்துவிட்ட இடம் வந்ததும் ஒரு பையன் கேட்டான்: "அப்புறம் அவங்கல்லாம் எங்க போனாங்க?"

லாடிஸ் வாயைத் திறப்பதற்குள் ட்ரினா சொன்னாள்: "எங்கயும் போகல. எங்க வீடு பெட்ரோல் பங்குக்குப் பின்னாடி இருக்கு."

வகுப்பே சிரித்தது. லாடிஸும் சிரித்தார். "அந்த பங்க் இருக்கற எடம் முன்னாடி எங்க தாத்தாவோடது, தெரியுமா?"

"அதுக்கு முன்னாடி?" என்றாள் ட்ரினா.

லாடிஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மார்லீன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதுக்கு முன்னாடி உங்களுது."

கன்றுகளை விற்றபோதுகூட ஆல்மா அப்பாவை இவ்வளவு நன்றியோடு பார்த்ததில்லை. மார்லீனுக்கும் நன்றி சொல்ல வேண்டியிருந்தது.

"இங்க வந்து உக்காரு கண்ணு" என்று லாடிஸ் நாற்காலியில் ஒதுங்கி இடம் விட்டார். "இந்தப் பேரெல்லாம் எனக்கு வாயில நுழையல. நீ வாசி."