நான்காவது பட்டணம்

2023ஆம் ஆண்டு யூன் மாதம் 16ஆம் திகதி, வெள்ளிக்கிழமை, பிற்பகல் 5.40க்கும் 6.15க்கும் இடையில், மெல்பேர்ணின் ரோவில் பகுதியிலுள்ள எங்கள் வீட்டுப் பின்வளவில் நான் கண்டதையும் கேட்டதையும் மட்டுமே இங்கு எழுதுகிறேன். அன்று எனக்குக் காய்ச்சல் இல்லை. தூக்க மாத்திரை எடுக்கும் வழக்கமும் இல்லை. யாழ்ப்பாணத்தில் நான் சரித்திரம் கற்பித்த காலத்தில், பேய் என்று எந்தப் பிள்ளையாவது வாய் திறந்தால், சான்று எங்கே என்று கேட்பேன். அதே கேள்வியை இப்போது என்னிடம் கேட்பவர்கள் இதைப் பொறுமையாக வாசிக்கட்டும்.

வீடு என் பெயரில் இருந்தது. என் கணவர் கதிர்காமநாதன் காலமான பின்னர், அதை எங்கள் ஒரே மகள் சுஜீவாவுக்குச் சீதனமாக எழுதுவதாகச் சம்பந்திகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். அடுத்த செவ்வாய்க்கிழமை சட்டத்தரணியின் முன் கையெழுத்து. எங்கள் ஊரில் சீதனம் எழுதும் பெற்றோர் தமக்குச் 'சீவிய உருத்து' வைத்துக்கொள்வார்கள். அதாவது, உயிருள்ளவரை அந்த வீட்டில் வாழும் உரிமை. நான் அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பெற்ற மகளிடம் உரிமை எழுதி வாங்குவது எனக்கு இழுக்காகப் பட்டது.

பின்வளவில் ஓர் அறையும் குளியலறையும் கொண்ட தனிக் கட்டடம் இருந்தது. நாங்கள் வீட்டை வாங்கிய நாளிலிருந்து அதில் தட்டுமுட்டுச் சாமான்களே கிடந்தன. சுஜீவா அதைக் 'கிரானி ஃப்ளாட்' என்பாள். நான் பின்வீடு என்பேன். கையெழுத்திட்ட பின் நான் அங்கே வாழ்வதாக ஏற்பாடு. பழகிப் பார்ப்பதற்காக அந்த வாரத் திங்கட்கிழமையே போய்விட்டேன்.

"மாமி, எங்களைவிட உங்களுக்குத்தான் வசதி. ஹீற்றர், புதுக் கட்டில், சத்தமும் இல்லை. நான் வேணுமெண்டா மாறி வாறன்" என்று மருமகன் செந்தூரன் பகிடி விட்டார்.

"சமையலும் வேண்டாம் அம்மா. சாப்பாடு ரெடியெண்டா நான் குசினி லைற்றை ரெண்டு தரம் போட்டு நிப்பாட்டுறன். பார்த்திட்டு வாங்கோ" என்றாள் சுஜீவா. அது அவளாகவே கண்டுபிடித்த யோசனை. எங்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

செவ்வாய் காலை, மேசைக்கு முன்னால் நான் வைத்த கதிரை யன்னலைப் பார்த்துத் திரும்பியிருந்தது. அந்த யன்னலுக்கு நேரே பெரிய வீட்டின் குசினி, அதாவது சமையலறை, தெரிந்தது. கதிரையை மேசைப் பக்கம் திருப்பி வைத்தேன்.

புதன் காலையும் அது யன்னலைப் பார்த்திருந்தது.

"சுஜீவா, வைத்த பொருளை வைத்த இடத்தில் விட வேண்டும்" என்றேன்.

"நான் அங்கால வரவே இல்லையே அம்மா."

வெள்ளிக்கிழமை மாலை மகளும் மருமகனும் டண்டினோங்குக்குச் சாமான் வாங்கப் போனார்கள். பெரிய வீட்டைப் பூட்டி, எல்லா விளக்குகளையும் அணைத்துவிட்டுப் போனார்கள். 5.40க்கே வெளியே இருள் கவிந்துவிட்டது.

மறுநாள் மூத்தோர் ஒன்றுகூடலில் நான் ஓர் உரை ஆற்ற வேண்டியிருந்தது. மாதம் ஒரு சிற்றரசைப் பற்றிப் பேசுவது என் வழக்கம். இம்முறை கெர்மியான். மேற்கு அனதோலியாவில் இருந்த துருக்கியச் சிற்றரசு அது. குத்தாஹியா அதன் தலைநகர். மேடையில் பேசுவதுபோல எழுந்து நின்று, உரக்க வாசித்துப் பார்த்தேன்.

"பதினான்காம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கெர்மியானை ஆண்டவர் சுலைமான் ஷா. ஒரு புறம் கரமான் அரசு நெருக்கியது. மறுபுறம் ஒட்டோமன் அரசு வளர்ந்துகொண்டிருந்தது. அவர் தம் மகளை ஒட்டோமன் இளவரசன் பயெசீதுக்கு மணமுடித்துக் கொடுத்தார். சீதனமாக நான்கு பட்டணங்களைக் கொடுத்தார். அவை குத்தாஹியா, சிமாவ், தவ்ஷான்லி..."

அங்கே நின்றேன். நான்கு என்று எழுதியிருந்தேன். மூன்று பெயர்களே தாளில் இருந்தன.

"எமெத்."

என் முதுகுக்குப் பின்னால். ஓர் ஆணின் குரல். தாழ்ந்த, களைத்த குரல்.

திரும்பினேன். யாரும் இல்லை. ஹீற்றரின் இரைச்சல் மட்டும் இருந்தது. நான் குறிப்பெடுத்த நூல் மேசையில் கிடந்தது. அதைப் பிரித்துப் பார்த்தேன். நான்காவது பட்டணத்தின் பெயர், எமெத்.

என் நினைவே எனக்குக் காதில் ஒலித்திருக்கலாம் என்று முடிவு செய்தேன். அதைச் சோதிக்க ஒரு வழிதான் இருந்தது. தாளைத் திருத்தாமல், அதே வரியை மீண்டும் வாசித்தேன்.

"குத்தாஹியா, சிமாவ், தவ்ஷான்லி..."

"எமெத்."

இம்முறை கதிரைப் பக்கமிருந்து.

 வாசிப்பை நிறுத்த எனக்குத் துணிவு வரவில்லை. நிறுத்தினால் அந்தக் குரல் வேறு ஏதாவது பேசக்கூடும்.

"எமெத்" என்று நானும் சொன்னேன். "தலைநகரைக் கொடுத்துவிட்டுச் சுலைமான் ஷா கூலா என்னும் சிற்றூருக்கு ஒதுங்கினார். அங்கேயே இறந்தார். பின்னாளில் மருமகன் எஞ்சிய நாட்டையும் எடுத்துக்கொண்டு, மைத்துனனைச் சிறையில் இட்டான்."

நீண்ட பெருமூச்சு ஒன்று கேட்டது... என்னுடையது அன்று.

மணி 5.58.

யன்னலுக்கு அப்பால், பூட்டிய வீட்டின் குசினியில் விளக்கு எரிந்தது.

அணைந்தது.

மீண்டும் எரிந்தது. அணைந்தது.

கார் வந்திருக்கவில்லை.

சர்ர்ர்... கதிரை தரையில் உரசிப் பின்னே நகர்ந்தது. நான் அதிலிருந்து ஐந்தடி தள்ளி, சுவரோடு ஒட்டி நின்றேன்.

கதவின் கைபிடி கீழே இறங்கியது. கதவு திறந்தது. குளிர் உள்ளே வந்தது.

வளவில் ஆள் நடமாட்டம் பட்டால் எரியும் விளக்கு ஒன்று உண்டு. அது எரிந்தது. இரவில் வேலியேறித் திரியும் பொசம் என்ற சிறு விலங்காக இருக்கும் என்று நினைக்க முயன்றேன்.

செருப்புத் தேயும் ஒலி. சரக்... சரக்... சிமெந்துப் பாதை வழியே.

பாதையில் யாரும் இல்லை.

ஒலி குசினிக் கதவடியில் நின்றது.

டொக். டொக்.

யாரும் திறக்கவில்லை.

டொக்... டொக்...

நெடுநேரம்.

பிறகு...

சரக்... சரக்...

திரும்பி வந்தது.

கதவு சாத்தப்பட்டது.

கதிரை மெல்ல முனகியது. பாரம் ஏறியதுபோல.

6.15க்குக் காரின் வெளிச்சம் சுவரில் விழுந்தது. அதுவரை நான் அசையவில்லை. கதிரையில் இருந்ததும் அசையவில்லை.

மறுநாள் காலை, பக்கத்து வீட்டு மகாதேவனை வேலியருகே கண்டேன். திருச்சிக்காரர், ஓய்வுபெற்ற பொறியியலாளர், அந்தத் தெருவில் எங்களுக்கு முன்பே குடிவந்தவர்.

"எங்களுக்கு முதல் இந்தப் பின்வீட்டில யார் இருந்தது?" என்று கேட்டேன்.

"அது எதுக்கு டீச்சரம்மா இப்ப?"

"சொல்லுங்கோ."

"ஒரு துருக்கிக்காரர். தங்கமான மனுஷன். பொண்ணு கல்யாணத்துக்கு வீட்டையே எழுதிக் குடுத்துட்டுப் பின்னாடி போயிட்டார். சாப்பாட்டுக்கு அவங்க கூப்பிடக்கூட மாட்டாங்க. கிச்சன் லைட்ட ரெண்டு தடவ போட்டு அணைப்பாங்க. இவர் ஜன்னல் பக்கமா சேரப் போட்டு அதையே பாத்துட்டு உக்காந்திருப்பார்."

நான் வேலியைப் பிடித்துக்கொண்டேன்.

"ஸ்கூல் லீவுல அவங்க எல்லாரும் வெளிநாடு போயிட்டாங்க. பெரிய வீட்டுச் சாவி இவர்கிட்ட குடுக்கல. திரும்பி வந்து பாத்தா, சேர்ல உக்காந்தபடியே... ஜன்னலப் பாத்து..."

"துருக்கியில எந்த இடம் எண்டு தெரியுமோ?"

"குத்தாஹியா பக்கம்னு சொல்வார். அதுகிட்ட ஒரு சின்ன ஊர். எமெத்."

பிறகு அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"நேத்து ஆறு மணிக்கு உங்க கிச்சன் லைட்டு அப்படியே போட்டுப் போட்டு அணைஞ்சுதே. ஏழு வருஷத்துக்கு அப்புறம் பாக்குறேன். யாரும்மா போட்டது?"



செவ்வாய்க்கிழமை கையெழுத்து நடந்தது. ஆவணத்தைத் திருத்தி எழுதுவித்தேன்.

"அம்மா, எங்களில நம்பிக்கை இல்லையோ?" என்று சுஜீவா கேட்டாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"நம்பிக்கை இருக்கு. எழுத்திலயும் இருக்கட்டும்" என்றேன்.

முடிவானவை இவை. வீடு சுஜீவாவின் பெயருக்கு மாறியது. சீவிய உருத்து எனக்கு. முன்னறையில் நான் வசிக்கிறேன். சாப்பாட்டு மேசையில் எல்லோருடனும் அமர்ந்து உண்கிறேன். பின்வீட்டை இடித்துவிடலாம் என்றார் செந்தூரன். நான் சம்மதிக்கவில்லை. அதை வாடகைக்குக் கொடுப்பதில்லை. அங்கே யாரையும் தங்கவைப்பதுமில்லை. இரவுச் சாப்பாடு முடியும்வரை குசினிக் கதவைப் பூட்டுவதில்லை என்பதும் அன்றே முடிவாயிற்று.