அளவு ஜாக்கெட் ஒன்பது

தையல் தொழிலில் புது ஜாக்கெட்டைக் கொடுத்துவிடலாம். அளவுக்கு வந்த பழைய ஜாக்கெட்டைத் திருப்பிக் கொடுப்பதுதான் பெரும்பாடு. தையல்காரர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. புதியது கைக்கு வந்த சந்தோஷத்தில் பழையதை யார் நினைப்பார்கள்?

அன்று மலேசியாவின் பத்து பாகாட் ஊரில் எங்கள் தையல் கடையில் இருந்தவர்கள்: நான், கொக்கி கட்டும் சகாயமேரி, எதிர்க்கடையில் கைப்பேசி பழுது பார்க்கும் தேவன். வெளியே நடைபாதைக் கம்பியில் தொங்கியவை: விட்டுப்போன அளவு ஜாக்கெட் ஒன்பது. தீபாவளிக்கு ஒரு வாரம்தான் இருந்தது.

ஒட்டிய தாள்

காலையில் கட்டட நிர்வாகி புவான் சல்மா ஒரு தாளை ஒட்டிவிட்டுப் போனார். பழந்துணியில் எலி குட்டி போடுகிறதாம். மாலை ஐந்து மணிக்கு வந்து பார்ப்பார். வாடிக்கையாளர் விட்டுப்போன துணி ஒன்று இருந்தாலும் கம்பியைக் கழற்றிவிடுவார்கள். கடைக்குள் ஒரு மெஷின், இரண்டு ஆள், அவ்வளவுதான் இடம். கம்பி போனால் தைத்து முடித்த தீபாவளித் துணிகளை எங்கே தொங்கவிடுவது?

தாளில் 'அபாண்டன்' என்று ஓர் ஆங்கில வார்த்தை இருந்தது. ஆறாம் வகுப்போடு நின்றவள் நான். தேவனைக் கேட்டேன். "மறந்துட்டுப் போறது வேற ஆன்ட்டி. இது வேணாம்னே விட்டுட்டுப் போறது" என்றான். வேண்டாம் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லையே என்றேன். "அப்ப ஒவ்வொருத்தருக்கா போன் போட்டுக் கேளுங்க லா!"

டீச்சர்

போனில் பேச எனக்குக் கூச்சம். நான் பெயரைச் சொல்லச் சொல்ல சகாயமேரி பேசினாள். முதலில் ஓடி வந்தவர் ஒரு பள்ளிக்கூட டீச்சர். நான்கு முறை தைக்கக் கொடுத்து நான்கு அளவு ஜாக்கெட்டையும் விட்டுப்போனவர். தாளைப் படித்ததும் முகம் சிவந்துவிட்டது. கைவிட்ட பிள்ளைக்கும் இந்த வார்த்தைதான், மூழ்கும் கப்பலை விட்டு இறங்குவதற்கும் இதுதான், என் ஜாக்கெட்டுக்குமா என்று கேட்டார். நான்கையும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு சொன்னார்: "நான் ஒண்ணும் அபாண்டன் பண்ணலக்கா. உங்கள நம்பி டெப்போசிட் வச்சிருந்தேன்!"

ரஞ்சிதத்தின் வீடு

மீதி ஐந்து. அடுத்து வந்த ரஞ்சிதத்துக்கு அந்த வார்த்தையை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவள் வாங்கிய வீட்டுக்குக் கூரை போட்டுவிட்டு, சன்னல் போடாமல் ஓடிவிட்டான் கட்டியவன். அந்த வரிசை வீடுகளின் முன்னால் இதே வார்த்தையைத்தான் பலகையில் எழுதி வைத்திருக்கிறார்களாம். தன் ஜாக்கெட் மூன்றையும் கம்பியிலிருந்து உருவிக்கொண்டு ஒரு சண்டை போட்டாள். "ஓடிப்போன டெவலப்பருக்கும் எனக்கும் ஒரே வார்த்தையா? நான் வந்துட்டேன்ல!"

எந்த நீலம்?

மீதி இரண்டு. ஒன்று நீலம், ஒன்று கிளிப்பச்சை. நீலத்துக்குச் சொந்தக்காரி தன் கணவரை அனுப்பியிருந்தாள். லாரி ஓட்டுகிறவர். இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு மனைவியைக் கூப்பிட்டார். "நீலம்னுதானே சொன்னேன்! அதுல கூடவா சந்தேகம்?" என்று கடை முழுக்கக் கேட்டது அவள் குரல். அவர் போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னிடம் மெல்லச் சொன்னார்: "வெறுங்கையோட போனாக்கூடத் திட்டோட போயிடும் ஆன்ட்டி. தப்பானத எடுத்துட்டுப் போனா வீட்டுக்குள்ள போவ முடியாது." நீலத்தை நானே எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

கிளிப்பச்சை

மணி நாலே முக்கால். மீதி ஒன்று. கழுத்து முதுகில் பாதிவரை இறங்கி, இரண்டு குஞ்சம் தொங்கும் ஜாக்கெட். வாசுகியுடையது, அவள் சிங்கப்பூரில் வேலை செய்கிறாள். போனில் ஒரே சிரிப்பு. "அதுக்குள்ள என் ஒரு கைதான் போவும்க்கா. எனக்கு வேணாம், அபாண்டன்னே எழுதிக்குங்க!"

நல்ல துணி, குப்பையில் போட எனக்கு மனம் வரவில்லை. உள்ளே ஒளித்து வைக்கவும் முடியாது. புவான் சல்மா மெஷின் பெட்டியைக்கூடத் திறந்து பார்க்கிறவர். சகாயமேரி என்னை மேலும் கீழும் பார்த்தாள். "ஆளு போட்டுக்கிட்டா அது விட்டுப்போன துணி இல்லையே. எனக்குப் பத்தாது, உங்களுக்குப் பத்தும். போடுங்க!" அறுபத்தேழு வயதில், கழுத்தோடு ஒட்டிய ஜாக்கெட் தவிர வேறு போட்டறியாத நான், திரைக்குப் பின்னால் போய் மாற்றிக்கொண்டேன். அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது.

ஐந்துக்கு வந்த புவான் சல்மா கம்பியைப் பார்த்தார், பெட்டியைத் திறந்தார், மெஷினுக்கு அடியில் குனிந்தார். முந்தானையால் முதுகை மூடியபடி சுவரோடு சுவராக நின்றேன். மின்விசிறிக் காற்று முந்தானையைத் தூக்கியது. எனக்கு உயிரே போய்விட்டது. அவர் குஞ்சத்தைப் பிடித்துப் பார்த்தார். "சந்தேக்ஞா, மக்சிக்! ரொம்ப அழகா இருக்கே ஆன்ட்டி! என் பாஜு சட்டைக்கும் இந்த மாதிரி ரெண்டு குஞ்சம் வச்சுத் தருவீங்களா?" என்று மலாயில் கேட்டார்.

கம்பி தப்பியது, அன்று மாலை அதில் மீதி பூஜ்யம், என் மேல் ஒன்று.