அப்பாவின் ஸ்டியரிங்

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலையில் அப்பாவின் வீடியோ கேம் பெட்டி ஓடவில்லை. டிவியில் கம்பெனி பெயர் வந்தது, அடுத்து ஒரு நீலத் திரை வந்தது, அதோடு சரி. பூஜைக்கு நிறுத்தியிருந்த தறிகள் தெருவில் மறுபடி ஓடத் தொடங்கியிருந்தன. அந்தச் சத்தத்தில் சிடி சுற்றுவது கேட்கவில்லையோ என்று பெட்டியில் காதை வைத்துப் பார்த்தேன். சுற்றவே இல்லை.

“என்னட்டி, வண்டி மக்கர் பண்ணுது?” என்றார் அப்பா.

“கடைக்குப் போறதுக்குள்ள சரி பண்ணித் தாரேம்ப்பா” என்றேன். நான் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருப்பவள். கிணற்றில் விழுந்த போன், டிராக்டர் ஏறிய போன், கோபத்தில் சுவரில் அடித்துவிட்டு ‘தானா விழுந்துட்டு’ என்று கொண்டுவந்து நீட்டுகிற போன் என்று எல்லாவற்றுக்கும் உயிர் கொடுத்திருக்கிறேன். இந்தப் பழைய பெட்டி எம்மாத்திரம்?

அந்தச் சாம்பல் நிறப் பெட்டியைப் பழைய சாமான் கடையிலிருந்து வாங்கி வந்தவள் நான்தான். காப்பி சிடியும் ஓட வேண்டும் என்று அதைப் பிரித்து உள்ளே ஒரு சின்ன சிப் வைத்து, தலைமுடி மாதிரி ஒயர்களை இழுத்து ஈயம் உருக்கிச் சால்டர் பண்ணியதும் நான்தான். பொழுதுபோக்குக்காக வாங்கவில்லை, அப்பாவின் கைக்காக வாங்கினேன்.

அப்பா திருவேங்கடம் ரூட்டில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். பக்கவாதம் வந்ததில் பேச்சு குழறியது, கால் இழுத்தது. இரண்டும் தேறிவிட்டன. வலது கை மட்டும் திரும்பவில்லை. பயிற்சி சொல்லிக்கொடுக்க வந்த பெண் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொன்னார். “நான் என்ன பச்சப்பிள்ளையா?” என்று அதை இடது கையால் வாசலுக்கு வெளியே எறிந்தார். வலது கைக்குச் ‘செத்த கை’ என்று பெயரே வைத்துவிட்டார். இடது கையில் ஸ்பூன் பிடித்துச் சாப்பிடுவதை யாரும் பார்த்துவிடக் கூடாதென்று கல்யாண வீடுகளுக்குப் போவதை நிறுத்தினார். சாப்பிடும்போது யாராவது வந்துவிட்டால் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, சாப்பிட்டு முடித்தவர் மாதிரி உட்கார்ந்திருப்பார்.

முதலில் செல்போனில் கார் கேம் போட்டுக் கொடுத்தேன். “கண்ணாடியத் தடவுததெல்லாம் ஓட்டுததா?” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அமுக்கினால் விரலைத் திருப்பித் தள்ளுகிற பட்டன் வேண்டும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அப்படித்தான் இந்தப் பெட்டி வீட்டுக்கு வந்தது.

அதன் ரிமோட்டுக்கு அப்பா ‘ஸ்டியரிங்’ என்று பெயர் வைத்தார். ரேஸ் நடக்கிற ரோட்டில் இடது பக்கமாக ஒதுங்கி ஓட்டுவார். வளைவு வந்தால் வேகத்தைக் குறைப்பார். பின்னால் வந்து இடிக்கிற காரைப் பார்த்து, “ஏலே, கண்ணு தெரியலையா? எவம்லே ஒனக்கு லைசென்ஸ் குடுத்தான்?” என்று கத்துவார். எல்லா ரேஸிலும் கடைசி. “ஒரு கீறல் இல்லாமக் கொண்டாந்து நிறுத்தியிருக்கேன்லா!” என்று பெருமை வேறு. ஆக்சிலேட்டர் பட்டன் வலது கட்டைவிரலுக்கு. ஆரம்பத்தில் இடது கையை நீட்டித்தான் அமுக்கினார். போகப் போக வலது விரலே அசைவதை நான் பார்த்தேன். சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டார். “அது சும்மா மேல கெடக்கு. செத்த கைட்டி” என்பார்.

இப்போது பெட்டி நின்றுவிட்டது, காலையில் நான் என்ன செய்தும் ஓடவில்லை. அன்று மத்தியானமே அப்பா வலது கையை எடுத்து மடியில் வைத்து, மேலே துண்டைப் போட்டு மூடிக்கொண்டார். அதைப் பார்த்ததும் எனக்குப் பதறிவிட்டது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன்.

பிரித்துப் போட்டு மீட்டரை வைத்தேன். கரண்ட் சரியாக வந்தது. பக்கத்து ஜூஸ் கடை அண்ணாச்சி எட்டிப் பார்த்து, “தங்கச்சி, நீ வச்ச சிப்புதான் வேலையக் காட்டுது போல” என்றார். சுருக்கென்றது எனக்கு. என் சால்டரில் தப்பா? ஒவ்வொரு ஒயராகத் தொட்டேன். இணைப்பு சரி என்று எல்லாவற்றுக்கும் மீட்டர் ‘பீப்’ என்றது. அண்ணாச்சிக்காகவே சிப்பைக் கழற்றி எடுத்துவிட்டு ஒரிஜினல் சிடியைப் போட்டுக் காட்டினேன். அப்போதும் சுற்றவில்லை.

“இப்ப என்ன சொல்லுதீங்க அண்ணாச்சி?”

“நான் ஒண்ணும் சொல்லல தாயி” என்று அவர் மிக்ஸியைப் போட்டுவிட்டார்.

சிப்பைத் திரும்ப வைத்தேன். லென்ஸைத் துடைத்தேன். மோட்டாருக்குத் தனியாகக் கரண்ட் கொடுத்தேன், ஜோராகச் சுற்றியது. எல்லாம் நன்றாக இருக்கிறது, பெட்டி மட்டும் ஓட மாட்டேன் என்கிறது. வந்த ஆத்திரத்தில் ஸ்க்ரூடிரைவரை வீசினேன். பிறகு நானே மேஜைக்கு அடியில் தவழ்ந்து போய் அதைத் தேடி எடுத்தேன்.

அங்கே உட்கார்ந்துதான் யோசித்தேன். எல்லாம் நன்றாக இருந்தும் சுற்றவில்லை என்றால், சுற்றாதே என்று எதுவோ தடுக்கிறது. மூடி திறந்திருந்தால் இந்தப் பெட்டி சிடியைச் சுற்றாது. மூடியிருப்பதைத் தெரிந்துகொள்ள, மூடிக்கு அடியில் ஒரு ஓரமாகச் சின்னக் குழி இருக்கும். குழிக்குள் ஒரு சுவிட்ச். மூடியை மூடும்போது அதிலிருக்கும் முளை போய் அந்தச் சுவிட்சை அமுக்கும். நான் மீட்டரை வைத்துக்கொண்டு அமுக்கிப் பார்த்தேன். பீப் இல்லை. மாட்டினாயா மகனே!

பட்ஸை ஸ்பிரிட்டில் நனைத்துக் குழிக்குள் விட்டுத் திருகினேன். மஞ்சளாக வந்தது. பழைய கிரீஸ் என்று நினைத்தேன். அடுத்த பட்ஸ் சிவப்பாக வந்தது. மூக்கில் வைத்துப் பார்த்தேன். சந்தனம்! சந்தனமும் குங்குமமும் உள்ளே இறங்கிக் காய்ந்து, சுவிட்சின் இரண்டு தகடுகளையும் ஒட்டவிடாமல் பண்ணியிருந்தன. சுரண்டிச் சுத்தம் செய்ததும் பீப் என்றது.

பெட்டியை அள்ளிக்கொண்டு நேரே வீட்டுக்குப் போனேன். பிரித்ததைத் திரும்பப் பூட்டி டிவியில் மாட்டக்கூட எனக்குப் பொறுமை இல்லை.

“யம்மா! ஒன் பூஜைக்கு ஒரு அளவில்லையா? பெட்டிக்குள்ள எதுக்குப் பொட்டு வச்சே?”

“நானா?” அம்மா கரண்டியோடு வெளியே வந்தாள். “மிக்ஸி, கிரைண்டர், ஒன் ஸ்கூட்டர் எல்லாத்துக்கும் நாந்தான் வச்சேன். அதுக்கும் மேல ஒண்ணு வச்சேன், நீதான் தொடச்சிட்டியே. அத எப்படித் தொறக்கன்னே எனக்குத் தெரியாதுட்டி.”

“நாந்தான் வச்சேன்” என்றார் அப்பா நாற்காலியிலிருந்து. “பானட்டத் தொறந்து இன்ஜினுக்கு வைக்காம, வெளிய மட்டும் வச்சா அது என்ன பூஜை? உள்ள அழகா வட்டமா ஒரு குழி வேற விட்டிருக்கான். பொட்டு வைக்கதுக்குத்தானேன்னு நெறைய வச்சிட்டேன்.”

எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், எரிச்சல் ஒரு பக்கம். “யப்பா, அது சுவிட்சுப்பா! நல்லா வச்சீங்க போங்க. அந்தப் பொடிக் குழியில, அதுவும் இடது கையால...”

“கிறுக்குச் சிறுக்கி!” அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “சாமி காரியத்துக்கு எவனாவது இடது கையால பொட்டு வைப்பானா?”

சொல்லிவிட்டு அவரே குனிந்து துண்டைப் பார்த்தார்.

அம்மா என்னைப் பார்த்தாள். நான் அப்பாவின் மடியைப் பார்த்தேன். அவர் மெதுவாகத் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். வலது கையின் மோதிர விரலைக் கட்டைவிரலோடு சேர்த்துப் பார்த்தார். பொட்டு வைக்கிற மாதிரியேதான். நடுங்கிக்கொண்டே போய் இரண்டும் சேர்ந்தன. அப்பா இன்னொரு தடவை சேர்த்துப் பார்த்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் அதை மறைக்கவும் இல்லை.

மூக்கைச் சிந்திவிட்டுப் பெட்டியைப் பூட்டி, டிவியில் மாட்டி, சிடியைப் போட்டேன். சுற்றியது. நான்தான் சொன்னேனே, என் சால்டரில் தப்பே கிடையாது. ஸ்டியரிங்கை அப்பாவிடம் நீட்டினேன்.

“பொறவு ஓட்டுதேன். பசிக்கு” என்றார்.

அம்மா தட்டில் சோறு போட்டுக்கொண்டு வந்து வைத்தாள். ஸ்பூன் வைக்கவில்லை. அப்பாவும் கேட்கவில்லை. முதல் வாயில் பாதி வேட்டியில் விழுந்தது. அந்த நேரம் பார்த்து, பெட்டி என்ன ஆயிற்று என்று கேட்க ஜூஸ் கடை அண்ணாச்சி வாசலில் வந்து நின்றார். நான் தட்டைப் பார்த்தேன். அப்பா அதைத் தள்ளவில்லை.

“வாரும் வே” என்றவர், அம்மா பக்கம் திரும்பி, “கொஞ்சம் ரசம் ஊத்து” என்றார்.