மூலையில் நின்ற வண்டி

என் பழைய மோட்டார் சைக்கிளுக்கு பிஸ்டன் தேடி நான்கு மாதம் அலைந்தேன். அந்த மாடல் தயாரிப்பு நின்று பல வருஷமாகிறது. கடைசியில் சைதாப்பேட்டை மெக்கானிக், ஒர்க்‌ஷாப் மூலையில் தூசி படிந்து நின்ற அதே மாடல் வண்டியைக் காட்டினார்.

"இந்த வண்டிக்காரரு ரெண்டு வருசமா வரல சார். இருக்காரோ இல்லியோ. இதுலேர்ந்து கழட்டிப் போட்டுறவா?"

மறுத்திருக்க வேண்டும். "போடுங்க" என்றேன்.

அடுத்த மாதம் சர்வீஸுக்குப் போயிருந்தபோது, ஊன்றுகோலுடன் ஒரு பெரியவர் ஆட்டோவிலிருந்து இறங்கினார். அவர்தான் அந்த வண்டிக்காரர். பக்கவாதம் வந்து இவ்வளவு நாளும் படுத்திருந்தாராம். மெக்கானிக் என் முகத்தைப் பார்க்காமல் அவரிடம், "பிஸ்டன் போயிடுச்சு சார், வேற தேடணும்" என்றார்.

பெரியவர் என் பக்கம் திரும்பினார். "உங்க வண்டி ஓடுதே! பிஸ்டன் எங்க சார் கிடைக்குது?"

"புதுப்பேட்டையில" என்று புளுகினேன்.

அவர் முகம் மலர்ந்தது. "அப்ப எனக்கும் கிடைச்சுடும்" என்று அதே ஆட்டோவில் ஏறினார். உண்மையைச் சொல்லிவிடத்தான் பின்னால் ஓடினேன். "பார்த்துப் போங்க சார்" என்றுதான் வாயில் வந்தது.

இன்னமும் அவர் கடை கடையாகத் தேடுவதாக மெக்கானிக் சொல்கிறார். எடுத்த பிஸ்டனைக்கூட என்றாவது மறந்துவிடுவேன். அந்த மனிதருக்கு நம்பிக்கை கொடுத்து அனுப்பியதைத்தான் மறக்க முடியவில்லை.