கூரையில்லாத கோயிலின் சுவர்

எண்ணூர்க் கழிமுகத்துக்கு அருகே இடிந்து கிடந்த அந்த மாதா கோயிலை எந்தக் காலத்துப் பரங்கிக்காரன் கட்டினானோ தெரியாது. புயலில் தப்பிக் கரையேறிய கப்பல்காரன் ஒருவனின் நேர்த்திக்கடன் என்பார்கள். கூரையை இன்னொரு புயல் கொண்டுபோயிற்று. மிச்சமிருந்த செங்கல்லையும் உத்தரத்தையும் ஊரார் கொண்டுபோனார்கள். நடுவில் இடுப்பளவு உயரத்தில் நீண்ட ஒரு சுவரை மட்டும் யாரும் தொடவில்லை. அந்தப் பக்கம் பெரிய சாதிக்காரர்கள், இந்தப் பக்கம் நாங்கள். எல்லோரும் ஞானஸ்நானம் வாங்கியவர்கள்தான். வருஷா வருஷம் திருவிழாவுக்கு முன் அந்தச் சுவரைப் பூசிச் சுண்ணாம்பு அடிப்பார்கள். அடிப்பதும் எங்கள் ஆட்கள்தான்.

சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. எனக்கு ஏழு வயதிருக்கும். துறைமுகத்தில் கரி இறக்கும் அப்பா, அம்மா, அம்மாவின் தம்பியான மாமா, நான், கைக்குழந்தையான என் தம்பி என்று ராயபுரத்தில் ரயிலேறித் திருவிழாவுக்குப் போனோம். பூசைக்குப் போட்ட பந்தல் அந்தப் பக்கத்தோடு முடிந்திருந்தது. எங்கள் பக்கம் பொசுக்குகிற வெயில். தம்பிக்கு முந்தின நாளே காய்ச்சல். அழுது அழுது குரல் கம்மி, கண் செருகத் தொடங்கினான். அம்மா மடியிலிருந்து அவனைத் தூக்கிக்கொண்டு, சுவரைச் சுற்றிப் போய்ப் பந்தல் நிழலில் உட்கார்ந்துவிட்டேன். கூரையே போன கோயிலில் சட்டம் மட்டும் மிச்சமிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

சாமியாருக்கு எடுபிடியாகக் கோயில் காரியம் பார்க்கும் கோயில்பிள்ளை பிரம்போடு வந்தான். "இன்னா தெனாவட்டு பாத்தியா. யார் வூட்டுக் குட்டி இது?"

பிரம்பை ஓங்கினான். அதற்குள் அம்மா பாய்ந்து வந்து, தம்பியைப் பிடுங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, என் முதுகில் அறைந்தாள். நிறுத்தாமல் அறைந்தாள்.

"உனுக்கு எத்தினி தபா சொல்றது?"

ஒரு தபாகூட அவள் சொன்னதில்லை. கோயில்பிள்ளை திருப்தியாகப் பிரம்பை இறக்கிக்கொண்டு போனான். சாமியார் எங்களுக்கு முதுகைக் காட்டி லத்தீனில் ஓதிக்கொண்டிருந்தார்.

மாமா சுவரை எட்டி உதைத்தார். "கூரையில்லாத கோயிலுக்குக் குட்டிச்செவுரு ஒண்ணு கேடா?"

அப்பா அவரை இழுத்து உட்காரவைத்தார். "கம்னு கெட மச்சான். பூசை நடந்துகினு கீது."

புதுச் சுண்ணாம்பு கொஞ்சம் உதிர்ந்தது, அவ்வளவுதான்.

தம்பி பிழைத்துக்கொண்டான். நான்தான் அம்மாவோடு வெகுநாள் பேசவில்லை. கோயில்பிள்ளையை விட, சாமியாரை விட, அவள் மேல்தான் எனக்குக் கோபம். அந்தப் பிரம்பு என் மேல் விழக்கூடாதென்றுதான் அவள் முந்திக்கொண்டாள் என்பது அப்போது எனக்குப் புரியவில்லை. நானும் ஒரு மகளைப் பெற்று, நாலு பேர் பார்க்க அவளை அப்படி அடிக்க வேண்டி வந்த அன்றுதான் புரிந்தது.